90 வினாடிக்கு ஆறு மாதம்: போல்ரூம் போட்டிக்குப் போகிற அமெச்சூருக்கு என்ன கிடைக்கிறது

கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை நடனம் பழகுவது புதிய விஷயமே இல்லை. வெள்ளவத்தையில் பின்னேரம் ஏதாவது ஒரு ஒழுங்கைக்குள் நடந்து போனால் ஒரு மாடி வீட்டிலிருந்து தட்டுக்கழிச் சத்தம் கேட்கும். ஐந்து வயதில் தொடங்கி, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரம் தரமாகக் கடந்து, தமிழ்த்தினப் போட்டிக்கு ஆடி, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ கதிரேசன் மண்டபத்திலோ அரங்கேற்றம் செய்வது வரைக்கும் பாதை தெளிவாகப் போட்டிருக்கிறது. அதற்கு அப்புறம் பாதை இல்லை. கம்பஸ், வேலை, கலியாணம் என்று வாழ்க்கை போகும். சலங்கை அலுமாரிக்குள் போய்விடும். ஆண்பிள்ளைகளுக்கு அந்தத் தொடக்கம்கூடப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நானும் அந்தப் பாதையில் வந்தவள்தான். அரங்கேற்றம் முடிந்து இருபது வருடங்களுக்கு மேல் எந்த மேடையிலும் ஏறவில்லை. 42 வயதில் கணவரோடு ஒரு போல்ரூம் வகுப்பில், அதாவது சோடியாக ஆடும் மேற்கத்திய நடன வகுப்பில், சேர்ந்தேன். ஹோட்டலில் நடந்த ஒரு கலியாண வரவேற்பில் மணமக்கள் முதல் வோல்ட்ஸ் ஆடி முடிந்ததும் எல்லோரையும் தளத்துக்கு அழைத்தார்கள். எங்கள் மேசையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட எழும்பவில்லை. ஆட வேண்டும் போல இருந்தது. எப்படி என்று தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம். ஒரு வருடம் கழித்து, அமெச்சூர் பிரிவில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கும்படி ஆசிரியை சொன்னார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா கேட்டார்: "வகுப்புக்குப் போறது காணாதே பிள்ளை? போட்டி எதுக்கு?"

நியாயமான கேள்வி. பல வருடங்கள் போட்டிகளுக்குப் போன பிறகுதான் அதற்கு ஒழுங்கான பதில் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தப் போட்டி எப்படிப்பட்டது என்று சுருக்கமாகப் பார்ப்போம். உலகம் முழுவதும் போட்டிகளில் ஆடப்படும் நடனங்கள் பத்து. ஸ்டாண்டர்ட் பிரிவில் வோல்ட்ஸ், டாங்கோ, வியன்னா வோல்ட்ஸ், ஃபொக்ஸ்ட்ரொட், குவிக்ஸ்டெப். லத்தீன் பிரிவில் சாம்பா, ச்சா ச்சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ். ஸ்டாண்டர்டில் சோடி பிரியாமல், பிடி விடாமல் மண்டபத்தைச் சுற்றி வரும். சுற்றும் திசை இடஞ்சுழி, அதாவது நாங்கள் கோயிலை வலம் வருவதற்கு நேரெதிர். லத்தீனில் பிடி இளகும். பிரிந்து ஆடிச் சேரலாம். அமெச்சூர் என்றால் நடனம் கற்பித்துப் பிழைக்காதவர் என்று பொருள். திறமை குறைந்தவர் என்று பொருள் இல்லை. இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் 1920 முதல் நடந்துவரும் நடன விழாவில் அமெச்சூர் பிரிவில் ஆடுகிறவர்களைக் காணொளியில் பார்த்தாலே இது விளங்கும். எங்களைப் போல ஆரம்பிப்பவர்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பாடத்திட்டம் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தந்த நிலைக்குரிய அசைவுகளை மட்டும்தான் ஆடலாம். சங்கீத சபைத் தரங்களைப் போல என்று நினைத்துக்கொண்டால் சரி. 35 வயது கடந்தவர்களுக்கு சீனியர் பிரிவு இருக்கிறது. சோடி கிடைக்காதவர் தன் ஆசிரியரோடு சேர்ந்து ஆடும் ப்ரோ-ஆம் பிரிவும் பல நாடுகளில் உண்டு.

சரி, என்ன கிடைக்கிறது?

போட்டி முதலில் தருவது ஒரு திகதி. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். திகதி இல்லாத வகுப்பில் என்ன நடக்கும் என்பதை ஒரு வருடம் முழுக்க நான் பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒன்று பழகுவோம். அடுத்த சனிக்கிழமை அதில் பாதி மறந்திருக்கும். மறந்ததை யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அன்றைக்கு இன்னொன்று புதிதாக வந்திருக்கும். வருட முடிவில் எங்களுக்குப் பேர் தெரிந்த அசைவுகள் நிறைய இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து வகுப்பு அடியோடு மாறியது. ஆறு மாதம் இருந்தது. ஆசிரியை செய்த முதல் காரியம், வோல்ட்ஸில் எங்களுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியை வெட்டியது. நேச்சுரல் டர்ன், ரிவர்ஸ் டர்ன், க்ளோஸ்ட் சேஞ்ச், விஸ்க், அதற்குப் பிறகு ஒரு ஷசே. இவ்வளவும்தான். இந்த ஐந்தையே கிழமைக்கு மூன்று நாள், மாதக் கணக்கில் ஆடினோம். எந்தக் கால் குதியில் இறங்க வேண்டும், உடல் எப்போது உயரத் தொடங்க வேண்டும், தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் காதில் விழத் தொடங்கியது. முன்பும் ஆசிரியை இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். கேட்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. அரங்கேற்றத்துக்குத் தயார் செய்த எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒன்பது வயதில் பழகிய அலாரிப்பை, மேடை ஏறுவதற்கு முந்தைய வருடம் டீச்சர் திரும்ப முதலிலிருந்து பழக்குவார். பெரியவர்களுக்கு அப்படி ஒரு வருடம் வாழ்க்கையில் திரும்பக் கிடைப்பது அரிது. அதை யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பி நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, அந்நியர் கண். ஆசிரியர் எங்கள் குறைகளுக்குப் பழகிவிடுவார்; நாங்கள் எங்கே தடுமாறுவோம் என்று தெரிந்து, அந்த இடத்தில் அவரை அறியாமலே எங்களைத் தாங்கிவிடுவார். நண்பர்கள் "வடிவா இருந்தது" என்பார்கள். முன்பின் தெரியாத ஐந்து அல்லது ஏழு நடுவர்கள் எதையும் தாங்க மாட்டார்கள். அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். நான் கற்றதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பரதநாட்டியத்தில் சபை முன்னால் இருக்கிறது. முகம், கை, அரைமண்டி எல்லாம் அந்த ஒரு திசைக்காக அமைந்தவை. போல்ரூமில் முன்பக்கம் என்று ஒன்று இல்லை. நடுவர்கள் தளத்தின் ஓரமெங்கும் பரவி நிற்பார்கள். சோடி சுற்றிக்கொண்டே போவதால் ஒருவர் கண்ணுக்கு என் முகமும் இன்னொருவர் கண்ணுக்கு என் முதுகும் ஒரே நேரத்தில் படும். முதுகும் ஆட வேண்டும் என்பது எனக்குப் புதிய பாடமாக இருந்தது. இன்னொன்று, தளத்தில் நாங்கள் தனியாக இல்லை. ஆரம்பச் சுற்றில் ஒரே நேரத்தில் 12 சோடிகள் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஒலிப்பது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். 90 வினாடியை 12-ஆல் வகுத்தால் ஒரு சோடிக்கு ஏழரை வினாடி. ஒரு நடுவர் எங்களைப் பார்ப்பது அவ்வளவு நேரம்தான். அந்த ஏழரை வினாடியில் சிக்கலான அசைவு கண்ணில் பிடிபடாது. தாளத்தில் ஆடுகிறார்களா, உடல் நிமிர்ந்திருக்கிறதா, இருவரும் ஒன்றாக அசைகிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும். அடிப்படையை ஆசிரியை ஏன் விடாமல் பிடித்தார் என்பது எனக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் முழுதாக விளங்கியது.

ஆரம்பச் சுற்றுகளில் நடுவர்கள் புள்ளி போடுவதில்லை. அடுத்த சுற்றில் திரும்பவும் பார்க்க விரும்பும் சோடிகளின் இலக்கத்துக்கு நேரே ஒரு குறி மட்டும் இடுவார்கள். கூடுதல் குறி வாங்கியவர்கள் மேலே போவார்கள். வழக்கமாக ஆறு சோடிகள் எஞ்சும்போது அது இறுதிச் சுற்று. அங்கே ஒவ்வொரு நடுவரும் ஆறு சோடிகளையும் 1 முதல் 6 வரை வரிசைப்படுத்த வேண்டும். இருவருக்கு ஒரே இடம் கொடுக்க முடியாது. அதற்குப் பிறகு வருவதுதான் ஸ்கேட்டிங் முறை என்று அழைக்கப்படும் கணக்கு. 1930-களில் பிரித்தானியாவில் உருவான இந்த முறை இன்றும் உலகின் பெரும்பாலான போல்ரூம் போட்டிகளில் பயன்படுகிறது.

ஒரு உதாரணம். ஐந்து நடுவர்கள். முதல் சோடிக்கு அவர்கள் கொடுத்த இடங்கள் 1, 1, 1, 6, 6. இரண்டாவது சோடிக்கு ஐவரும் 2. கூட்டிப் பார்த்தால் முதல் சோடிக்கு 15, இரண்டாவது சோடிக்கு 10. குறைந்த எண்தான் நல்லது, ஆகவே இரண்டாவது சோடி வென்றது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வென்றது முதல் சோடி. ஐவரில் மூவர் அவர்களை முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். பெரும்பான்மை அங்கேயே முடிந்துவிட்டது. மற்ற இருவர் ஆறாம் இடம் கொடுத்தாலும் மூன்றாம் இடம் கொடுத்தாலும் முடிவு மாறாது. யாருக்கும் பெரும்பான்மை முதலிடம் இல்லாவிட்டால், இரண்டாம் இடமோ அதற்கு மேலோ எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று எண்ணுவார்கள். அதிலும் முடியாவிட்டால் மூன்றுக்குப் போவார்கள்.

உயர்தரப் பரீட்சையில், பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடப்படும் இசட் புள்ளியின் நான்காவது தசமதானத்தில் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழகம் தீர்மானமாகும் நாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு மதிப்பீடு என்றால் கூட்டுத்தொகை. ஒரு பாடத்தில் சறுக்கினால் எல்லாம் போயிற்று. ஸ்கேட்டிங் முறை எனக்கு வேறொரு மதிப்பீட்டைக் காட்டியது. யாரோ ஒருவருக்கு என்னை அறவே பிடிக்காவிட்டாலும் அதனால் மட்டும் நான் விழுந்துவிட மாட்டேன். யாரோ ஒருவருக்கு மிகவும் பிடித்துவிட்டால் அதனால் மட்டும் எழும்பிவிடவும் மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்பதுதான் கேள்வி. வளர்ந்தவர்கள் தங்களைப் பற்றி இப்படி ஒரு நேரான பதிலைக் கேட்டு வாங்கக்கூடிய இடங்கள் குறைவு. வேலையிடத்தில் மேலதிகாரியின் மனநிலையும் அதற்குள் கலந்திருக்கும். வீட்டில் பாசம் கலந்திருக்கும்.

போட்டி முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டியது பெறுபேற்றுத் தாள். எந்த நடுவர் எந்த நடனத்துக்குக் குறி இட்டார் என்பது அதில் இருக்கும். எங்கள் முதல் போட்டியில் ச்சா ச்சாவுக்கு ஐவரில் நால்வர் குறி போட்டிருந்தார்கள். வோல்ட்ஸுக்கு ஒரே ஒருவர். வோல்ட்ஸ்தான் எங்கள் பலம் என்று நாங்கள் நம்பியிருந்தோம், அதனால் அந்தத் தாள் என்னை நன்றாக உலுக்கியது. மகன் கைபேசியில் எடுத்த காணொளியை ஆசிரியையோடு உட்கார்ந்து பார்த்தோம். காரணம் என் காலில் இருந்தது. சின்ன வயதிலிருந்து தட்டி ஆடிப் பழகிய கால். மூன்று எண்ணிக்கையில் வரும் வோல்ட்ஸை மனதுக்குள் தகிட, தகிட என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு "த"விலும் பாதத்தை வைத்து முடித்துவிடுகிறேன். வோல்ட்ஸில் அந்த நேரத்தில் பாரம் இன்னும் பயணித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் ஒவ்வொரு அடியிலும் இசைக்கு ஒரு துளி முந்தி நின்றேன். கணவர் என்னைப் பிடிக்க அவசரப்பட்டார். நான்கு நடுவர்கள் ஆளுக்கு ஏழெட்டு வினாடியில் கண்டதை ஒரு வருட வகுப்பில் நாங்கள் காணவில்லை.

உடல் நலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆடினால் உடம்புக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கடினமான ஆட்டம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. குவிக்ஸ்டெப் நிமிடத்துக்கு 50 பார் (தாளச் சுற்று) வேகத்தில் போகும். ஒரு பாருக்கு நான்கு தாளம், ஆக நிமிடத்துக்கு 200 தாளம். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், போட்டிச் சோடிகள் ஆடும்போது இதயத் துடிப்பை அளந்தார்கள். சராசரி நிமிடத்துக்கு 170 தடவையை ஒட்டி வந்தது. ஓட்டப் பந்தயக்காரருக்கு வருகிற அளவு அது. சிரித்த முகத்தோடு ஆடுவதால் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இதயம், இரத்த அழுத்தம் என்று ஏதாவது கரைச்சல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போட்டிப் பயிற்சி தொடங்கக் கூடாது.

மூளையைப் பற்றிய ஆய்வு ஒன்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. நியூயோர்க்கின் பிரோங்ஸ் பகுதியில் 75 வயது கடந்த 469 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்து 2003-இல் வெளியிட்டது. உடல் அசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் அபாயம் குறைவதோடு தொடர்புபட்டிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஏற்கனவே மூளை தெளிவாக இருப்பவர்கள்தான் நடனத்துக்குப் போயிருக்கவும் கூடும். நடனம்தான் நோயைத் தடுத்தது என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. போட்டியைப் பற்றி அது பேசவும் இல்லை. இதை மருந்துபோல விற்கிற விளம்பரங்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது பதற்றத்தைப் பற்றிய ஓர் ஆய்வு. 2007-இல் வெளியானது. போல்ரூம் போட்டியாளர்களின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோனை அளந்தார்கள். போட்டி நாளில் அது வெகுவாக ஏறியிருந்தது. ஆடுகிற உடல் உழைப்பினால் வந்த ஏற்றம் அல்ல அது. பிறர் தன்னை மதிப்பிடுகிறார்கள் என்ற உணர்வால் வந்தது. அணியாகச் சேர்ந்து ஆடியவர்களைவிடத் தனிச் சோடியாக ஆடியவர்களுக்கு ஏற்றம் அதிகம். முக்கியமான விஷயம், போட்டிகள் கூடக்கூட அது குறையவும் இல்லை. இதை வாசித்தபோது எனக்கு மிகப் பெரிய ஆறுதல். நாலைந்து போட்டி ஆடினால் பயம் தெளிந்துவிடும் என்று காத்திருந்தவள் நான். பயம் தெளியாது. கை குளிரும், வாய் வரளும், இலக்கத்தைக் கூப்பிடும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்யும். அதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே முதல் அடியை இசையில் வைக்கப் பழகலாம். அந்தப் பழக்கம் வகுப்பில் வராது, ஏனென்றால் வகுப்பில் அந்தப் பயம் வராது. வேலையிடத்தில் நூறு பேருக்கு முன்னால் எழுந்து பேச வேண்டியிருந்த ஒரு நாளில் என் கை அதேபோலக் குளிர்ந்தது. எனக்கு அது தெரிந்த குளிர்.

இனி, சோடி. இதைப் பற்றிக் கதைக்க எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, எனக்கும் இருந்தது. தெருவில் கைகோத்து நடக்காத கணவன் மனைவிகள் நாங்கள். மாமியார், மச்சாள், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆசிரியை எல்லோரும் ஒரே காலி வீதியில் நடமாடுகிற ஊர் இது. அணைத்துப் பிடித்து ஆடுவதென்றால், அதுவும் பலர் பார்க்க ஆடுவதென்றால், சொந்தத்துக்குள் பேச்சு வரும். வகுப்புக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்களைப் பற்றி அப்படிப் பேச்சு வந்தது. "பிள்ளைகள் வளர்ந்திட்டினம், இப்ப என்ன ஆட்டம்?" போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு அதே ஆட்களின் குரல் மாறியதைக் கவனித்தேன். "எப்ப போட்டி? பயிற்சி எப்பிடிப் போகுது?" எங்கள் சமூகம் பரீட்சைக்கும் போட்டிக்கும் மரியாதை கொடுக்கிற சமூகம். கணவரின் முதுகில் ஒரு இலக்கத்தைக் குத்தியதும் அது கூத்து என்ற நிலையிலிருந்து ஒரு பயிற்சி என்ற நிலைக்கு வந்துவிட்டது. பொழுதுபோக்குக்காக நேரம் கேட்டால் தராத குடும்பம், போட்டிக்கென்று கேட்டால் சனிக்கிழமைச் சமையலையும் பார்த்துக்கொண்டது. வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு, பழகுகிறவளாகத் திரும்ப இருப்பதற்கு ஒரு அனுமதி கிடைக்கிறது. போட்டி எனக்குத் தந்ததிலேயே பெரியது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அனுமதி கிடைத்த பிறகு தளத்தில் நடப்பது வேறு. ஒருவர் வழிநடத்த வேண்டும், மற்றவர் அதை உடலால் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். வாய் திறக்க முடியாது. என் கணவர் வீட்டில் அதிகம் பேசாதவர், நான் பேசுகிறவள். தளத்தில் அது தலைகீழ். அவர் நெஞ்சைத் திருப்பாவிட்டால் நான் எங்கே போவதென்று எனக்குத் தெரியாது. நான் முந்திவிட்டால் அவர் தீர்மானித்தது நடக்காது. முதல் மாதங்களில் ஒவ்வொரு பிழைக்கும் "நீங்கள் திரும்பேல்ல", "நீ நிக்கேல்ல" என்று சண்டை. ஆசிரியை ஒரு விதி போட்டார்: பயிற்சியில் ஒவ்வொருவரும் தன் உடலைப் பற்றி மட்டும்தான் பேசலாம். "நான் பிந்தினேன்" என்று சொல்லலாம், "நீ இழுத்தாய்" என்று சொல்ல முடியாது. போட்டித் திகதி நெருங்க நெருங்க அந்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டத்தில்தான் அது பழக்கமாகவும் ஆனது. இருபது வருடக் கலியாண வாழ்க்கையில் நாங்கள் கற்காத ஒரு பேச்சு முறை அது. எல்லாச் சோடிகளுக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். போட்டி நெருக்கத்தில் பிரிந்து போன சோடிகளையும் தெரியும்.

கொழும்புக்கென்று ஒரு பின்னணியும் இருக்கிறது. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864-இல் தொடங்கியது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து இந்த நகரத்தின் ஹோட்டல்களிலும் கழகங்களிலும் போல்ரூம் ஆடப்பட்டு வந்திருக்கிறது. ஐரோப்பிய வழிவந்த இலங்கையரான பறங்கியருக்கு அது குடும்ப வாழ்க்கையின் ஒரு பகுதி. 1908-இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் இன்றும் நகரத்தில் இயங்குகிறது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு பறங்கியக் குடும்பங்கள் பெருமளவில் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, ஆடத் தெரிந்த ஒரு தலைமுறையே இந்த நகரத்தை விட்டுப் போனது. தமிழர்களில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் கலியாண வோல்ட்ஸ் தெரிந்த தாத்தா பாட்டி இருப்பார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் இளமையாக இருந்த போர்க்கால வருடங்களில், கொழும்பில் ஒரு தமிழருக்கு இரவில் வெளியே போவதென்றால் அடையாள அட்டையும் சோதனைச் சாவடியும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளும்தான். இரவு நடனம் என்பது எங்கள் கற்பனைக்குள் வந்ததே இல்லை. நாற்பதுக்கு மேல் வகுப்புக்கு வருகிற தமிழர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வருடங்கள் நினைவுக்கு வரும்.

அதனால்தான் போட்டி நாளின் ஒரு காட்சி எனக்கு முக்கியம். தளத்துக்குப் பக்கத்தில் சோடிகள் வரிசையில் காத்திருப்பார்கள்: சிங்களவர், பறங்கியர், மலாயர், முஸ்லிம்கள், நாங்கள். எல்லோரும் உதட்டுக்குள் ஒரே எண்ணிக்கையை முணுமுணுப்பார்கள். முதல் போட்டியில் எங்கள் பின்னூசி வளைந்துவிட்டபோது, அதே சுற்றில் எங்களோடு மோதப் போகிற ஒரு சிங்களச் சோடி தங்களிடமிருந்த ஊசிகளைத் தந்து, இலக்கத்தை நேராகக் குத்தியும் விட்டார்கள். இன்றைக்கும் அவர்களோடு பயிற்சிக்கு ஒரே மண்டபத்தைப் பகிர்ந்து எடுக்கிறோம். இலங்கைக் கொண்டாட்டங்களில் ஒலிக்கும் பைலாப் பாட்டின் ஆறெட்டுத் தாளம் எங்கள் எல்லோர் காதிலும் பிறந்ததிலிருந்து இருப்பதால், மூன்று தாள வோல்ட்ஸ் கொழும்புக்காரருக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை.

செலவையும் ஏமாற்றத்தையும் மறைக்கக் கூடாது. நாங்கள் முன்பு சில மாதம் போன ஒரு வகுப்பில், முதல் போட்டிக்கே பத்து நடனத்துக்கும் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு நடனத்துக்கும் தனிக் கட்டணம், தனிப் பாடம், கல் பதித்த உடுப்பு என்று பட்டியல் நீண்டது. அப்படிக் காசு கொட்டி, முதல் சுற்றிலேயே திரும்பி வந்து, அதோடு ஆட்டத்தையே விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். மனம் கஷ்டப்படுகிறது. முதல் போட்டிக்கு இரண்டு நடனம் போதும்: வோல்ட்ஸ், ச்சா ச்சா. உடுப்புக்கு வெள்ளவத்தைத் துணிக்கடையில் ஜோர்ஜெட் வாங்கி, தெரிந்த தையற்காரரிடம் கொடுத்தால் போதும். காசு போட வேண்டிய ஒரே இடம் சப்பாத்து. மெல்லிய தோல் அடிப்பாகம் கொண்ட நடனச் சப்பாத்து இல்லாமல் சுழன்றால் முழங்கால் மூட்டில் பாரம் ஏறும். எங்கள் வீடுகளிலும் மண்டபங்களிலும் டைல்ஸ் தளம்தான். ஹோட்டலில் மரத்தளம் இருந்தால் வழுக்கும். போட்டி மண்டபத்துக்கு முன்கூட்டியே போய் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கொழும்பு ஈரக்காற்றில் அந்தத் தோல் படிந்துவிடும், கம்பித் தூரிகையால் துலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சப்பாத்தோடு தெருவில் இறங்கவே கூடாது.

கலியாண வீட்டில் வடிவாக ஆடினால் போதும் என்று நினைப்பவர்களுக்குப் போட்டி தேவையில்லை, வகுப்பே தாராளம். இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க ஆசை இருக்கிறவர்களுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் கடைசிப் போட்டியின் தாளில் வோல்ட்ஸுக்கு ஐந்தில் மூன்று குறி இருந்தது. குறி போடாத இரண்டு நடுவர்களும் எங்கே நின்றார்கள் என்று காணொளியில் தேடிப் பார்த்தோம். இருவரும் மேடைப் பக்கத்து மூலையில் நின்றிருக்கிறார்கள். அந்த மூலையில் நேச்சுரல் டர்னின் இரண்டாம் பாதி வரும்போது என் தலை முன்னால் விழுகிறது. அவர்கள் பக்கம் இருப்பது என் பிடரியும் தோளும்தான். கணவர் அந்த இடத்தில் ஒரு அடியைச் சின்னதாக எடுத்தால் எனக்கு நிமிர இடம் கிடைக்கும் என்கிறார் ஆசிரியை. இந்தக் கிழமை முழுக்க அந்த ஒரு மூலையைத்தான் பழகிக்கொண்டிருக்கிறோம்.